வெளியே சொல்லாத வலிப்பு

ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தில் ஓர் இளைஞர் வலிப்பு வந்து விழுந்தார். யாரோ அவர் வாய்க்குள் கரண்டியைத் திணித்தார்கள். அது தவறென்று எனக்குத் தெரியும். எனக்கும் வலிப்பு உண்டு. ஆனால், அதை மறைத்துத்தான் வேலையில் சேர்ந்திருந்தேன். பக்கத்தில் அலுவலகத் தோழி கவிதா. அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்று நின்ற இடத்திலேயே நின்றேன்.

அவர் உதடு கிழிந்து ரத்தம் வந்த பிறகுதான் ஓடினேன். கரண்டியைப் பிடுங்கி, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன்.

"உனக்கு எப்படி லா தெரியும்?" என்றாள் கவிதா.

"வீடியோல பார்த்தேன்."

கண் விழித்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, எங்க சூப்பர்வைசருக்குத் தெரிய வேணாம்க்கா. வேலை போயிடும்."

'எனக்கும் அதே பயம்தான் தம்பி' என்று சொல்லியிருக்கலாம். கவிதா பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை மட்டும் ஆட்டினேன். அத்தனை பேர் நடுவில் அவரைத் தனியாக விட்டது நான்தான்.