தீட்டில்லாத வீடு

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் ஜோகுபாளையத்தில் அப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி பிள்ளைக்கு முதல் பிறந்தநாள். பாயசம், வடை, அப்பாவின் சிநேகிதர்கள் நாலைந்து பேர்.

பிள்ளை இப்போதுதான் நடக்கிறான். சுவரைப் பிடித்தபடி தத்தித் தத்தி வந்து, தன் அம்மாவின் புடவையை இழுத்து, இரண்டு கைகளையும் மேலே தூக்கினான். எந்தப் பெண்ணும் என்ன செய்வாள்? குனிந்து வாரி எடுத்து இடுப்பில் வைத்துக்கொள்வாள்.

தம்பி மனைவி பாக்கியம் அப்படிச் செய்யவில்லை. கையிலிருந்த தட்டை மேஜைமேல் வைத்தாள். சுவரில் கை ஊன்றி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள். பிறகுதான் கையை நீட்டினாள். பிள்ளையும் பழகினவன் மாதிரி அதுவரை காத்திருந்து மடியில் ஏறிக்கொண்டான்.

அப்பாவின் சிநேகிதர் ஒருவர் சிரித்தார். மைசூரிலிருந்து வந்தவர், விஷயம் தெரியாதவர்.

“என்னம்மா, மகாராணி மாதிரி உட்கார்ந்துதான் பிள்ளையை வாங்குவியா?”

“ஆமாங்க. நான் கொஞ்சம் சோம்பேறி” என்றாள் பாக்கியம்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் டம்ளரில் காபி பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

பாக்கியம் சோம்பேறி இல்லை. இனிமேல் எடை எதையும் தூக்கக் கூடாது என்று லேடி டாக்டர் சொல்லியிருக்கிறார். பெற்ற பிள்ளையும் எடைதானே? பிரசவத்துக்குப் பிறகு, உள்ளே இருக்க வேண்டியது கீழே இறங்கிவிட்டது. இதற்கு மேல் பத்திரிகையில் எழுத முடியாது. பெண்களுக்குப் புரியும். ஆண்கள் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்... கேட்டால் நல்லதும்கூட.

எப்படி வந்தது இது? மாமியார் கொடுமையா? மாமியாரே இல்லை. என் அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. புருஷன் சரியில்லையா? என் தம்பி வெற்றிலைகூடப் போடாதவன். பின்னே?

கொள்கையால் வந்தது. அதுவும் நல்ல கொள்கை.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. அப்போது அடுகோடியில் பெரிய கூட்டுக் குடும்பம். மார்கழிக் குளிர். பிள்ளை பெற்ற தீட்டு என்று அம்மாவைப் பின்பக்கம் விறகு அறையில் விட்டார்கள். சாக்கு மேல் படுக்கை. குழந்தை இருமுவது சுவருக்கு இந்தப் பக்கம் அப்பாவுக்குக் கேட்கும். உள்ளே போகக் கூடாது. ஒரு நாள் இருமல் கேட்கவில்லை.

தனிக்குடித்தனம் வந்ததும் அப்பா போட்ட முதல் சட்டம் இது: இந்த வீட்டில் தீட்டு கிடையாது. நான் பிறந்தபோது அம்மா கூடத்தில் கட்டிலில் படுத்திருந்தாள். பள்ளிக்கூட வாத்தியார் அப்பா. சொன்னதைச் செய்கிறவர். இன்றுவரை அதில் எனக்குப் பெருமைதான்.

பாக்கியத்துக்குப் பிள்ளை பிறந்தது இங்கே பெங்களூர் ஆஸ்பத்திரியில். அவள் அம்மா வாணியம்பாடியிலிருந்து வந்தார். ஊரில் கணவர் படுத்த படுக்கை. பேத்தியா பேரனா என்று பார்த்துவிட்டு, இரண்டே நாளில் அழுதுகொண்டே ரயில் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறு. அப்பாவின் வாசகசாலை நண்பர்கள் குழந்தை பார்க்க வந்தார்கள். பாக்கியம் அடுப்படிக்குள் போய்க் காபி போட்டு, தானே டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தாள். அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

“பார்த்தீங்களா? நாடு விடுதலையாகிப் பத்து வருஷம் ஆச்சு. இன்னும் பெண்ணை மூலையில உட்கார வைக்கிறான். எங்க வீட்டுல மூலையே கிடையாது.”

எல்லோரும் பாராட்டினார்கள். காபியையும் பாராட்டினார்கள். பாக்கியத்துக்கும் வெட்கம் கலந்த சந்தோஷம். போய் வேலை செய் என்று அவளிடம் யாராவது சொன்னார்களா? ஒருவரும் சொல்லவில்லை. உள்ளே போனாள், அவ்வளவுதான். ஒரு முறை உள்ளே போனவளை அடுப்படி திருப்பி அனுப்புமா? காபிக்குப் பிறகு சோறு. சோற்றுக்குப் பிறகு பாத்திரம். பாத்திரத்துக்குத் தண்ணீர். தண்ணீருக்குத் தெருக்குழாய். தம்பி ஃபேக்டரியில் முதல் ஷிஃப்ட். குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்பே கிளம்பிவிடுவான்.

ஆஸ்டின் டவுனிலிருந்து ஒரு நாள் நான் போனபோது அவள் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“ஏன்டி, கொஞ்சம் படுக்கக் கூடாதா? பச்சை உடம்பு” என்றேன்.

“படுக்கலாம் அண்ணி. என்னன்னு சொல்லிட்டுப் படுக்கறது?”

“உடம்பு முடியலைன்னு சொல்லு.”

“முடியலைன்னா ஜுரமான்னு கேப்பாங்க. ஜுரம் இல்ல. தலைவலியான்னு கேப்பாங்க. அதுவும் இல்ல. சும்மா படுக்கணும்போல இருக்கு. அதுக்குப் பேரு ஏதாவது இருந்தா சொல்லுங்க.”

மீதி மாவை ஆட்டிக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்தேன்.

பக்கத்து வீட்டில் ஒரு கன்னடக் குடும்பம். அந்த வீட்டு மருமகள் நாகரத்னாவுக்கும் அதே வாரம்தான் பிள்ளை பிறந்தது. பிள்ளை பெற்றவளை அவர்கள் பாணந்தி என்பார்கள். பாணந்திக்குத் தலையில் துணிக்கட்டு, காதில் பஞ்சு, கொதிக்கக் கொதிக்க எண்ணெய்க் குளியல், சாம்பிராணிப் புகை. ஒரு பாத்திரம் தொட விடமாட்டார்கள். மாமியார் நாள் முழுக்க அலுத்துக்கொள்வார். ஆனாலும் எல்லா வேலையையும் அவரே செய்வார்.

குழாயடிக்கு நேராக நாகரத்னாவின் ஜன்னல். பாக்கியம் குடம் நிரப்பும்போது இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள்.

“இன்னும் உனக்குத் தீட்டு கழியலையாடி?”

“எப்பவோ கழியணும் அக்கா. இன்னும் உடம்பு சரியாகலைன்னு அத்தைகிட்ட சொல்லிட்டேன். அவங்க என்ன, உள்ள வந்து பார்ப்பாங்களா?”

“உன் தீட்டுல ஒரு வாரம் எனக்குக் கடன் குடேன்.”

“தாராளமா வாங்கிக்கோ. ஆனா இந்த இருட்டு ரூமையும் சேர்த்து எடுத்துக்கணும். குடிக்கத் தண்ணி கேட்டா அரை டம்ளர்தான். சோத்துத் தட்டைக் காலால தள்ளுவாங்க. அதுக்கும் சம்மதமா?”

பாக்கியம் யோசித்துக்கொண்டே குடத்தைத் தூக்கினாளாம்.

சில நாள் கழித்து, அதே குழாயடியில், குடத்தை இடுப்புக்கு ஏற்றும்போது விட்டுவிட்டாள். குடம் உருண்டது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலிலிருந்து பார்த்த நாகரத்னா, தலைக்கட்டோடு தெருவுக்கு ஓடிவந்தாள். “முட்டபேடா” என்று மாமியார் உள்ளேயிருந்து கத்தினார். தொடாதே என்று அர்த்தம். அதற்குள் அவள் தொட்டுத் தூக்கித் தன்மேல் சாய்த்துக்கொண்டுவிட்டாள். அப்புறம் அந்த மாமியாரே கம்பளியைக் கொண்டுவந்து, பாக்கியத்தின் கால் பக்கத்தைப் பிடித்தார்.

அன்று சாயங்காலம் லேடி டாக்டர் வந்தபோது நானும் இருந்தேன். பரிசோதித்துவிட்டு வெளியே வந்து கேட்டார்.

“பிள்ளை பெத்த எத்தனையாவது நாள் குடம் தூக்கினா?”

கதவோரம் நின்ற அப்பா, பழக்கத்தில் சொன்னார். “எங்க வீட்டுல தீட்டு பார்க்கறதில்லைங்க, டாக்டர்.”

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான் அதைக் கேக்கலை சார். குடம் தூக்க வீட்டுல வேற ஆளே கிடையாதா?”

அப்பா தம்பியைப் பார்த்தார். தம்பி அப்பாவைப் பார்த்தான். இரண்டு ஆள் இருந்தார்கள்.

தீட்டுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த விறகு அறையை நான் மறக்கவில்லை. காலால் தள்ளிய தட்டையும் மறக்கவில்லை. ஆனால் ஒன்று பாருங்கள். அந்தக் கேடுகெட்ட வழக்கத்துக்குள் யாரும் வைக்காமலே ஒரு ஓய்வும் இருந்திருக்கிறது. பிள்ளை பெற்றவள் தொட்டால் ஆகாது, அதனால் வேறு யாராவது சமைத்தாக வேண்டும். அப்பா தீட்டை எடுத்து வெளியே எறிந்தார். அதோடு ஒட்டிக்கொண்டு ஓய்வும் போனதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. தீட்டை எடுத்தவர் குடத்தை எடுக்கவில்லை.

இப்போது எடுக்கிறார். இந்த வயதில், விடிந்ததும் குழாயடியில் முதல் ஆள் அவர்தான். பாதிக் குடம் வழியிலேயே சிந்திவிடும். பக்கத்து வீட்டு மாமியார் ஜன்னலிலிருந்து, “மேஷ்ட்ரே, இடுப்புல சாய்ச்சு வெக்கணும், நெஞ்சுல கட்டிப்பிடிக்கக் கூடாது” என்று பாடம் நடத்துகிறார். பள்ளிக்கூடத்தில் அத்தனை வருஷம் பாடம் நடத்தியவர், தலையாட்டிக்கொண்டு கேட்கிறார்.

பிறந்தநாளுக்கு வந்தவர்கள் போன பிறகு அவரைத் தேடி உள்ளே போனேன். அடுப்படியில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அந்த முதல் ஞாயிறு அவ போட்டுக் கொண்டுவந்த காபியை நான் குடிச்சேனேம்மா” என்றார், திரும்பாமல்.

சற்று பொறுத்து, அடுத்த டம்ளரைக் கழுவிக்கொண்டே என் மகள் பேச்சை எடுத்தார். அவளுக்குத் தை மாதம் பிரசவம். ஆஸ்டின் டவுனில் என் வீட்டுக்குத்தான் வரப்போகிறாள்.

“உன் பொண்ணை ஒரு மூணு மாசம் மூலையில உட்கார வைம்மா.”

“அப்பா... நீங்களா சொல்றீங்க?”

“தீட்டுன்னு சொல்லாதே. வேற பேரு வெச்சுக்கோ.”

“என்ன பேரு?”

யோசித்தார். வாசகசாலைக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நல்ல தமிழில் பெயர் வைத்தவர். சீக்கு இல்லாமல், அசுத்தம் இல்லாமல், ஒரு பெண் சும்மா உட்காருவதற்கு அவருக்குத் தமிழில் ஒரு சொல் கிடைக்கவில்லை.

கூடத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே பாக்கியம் குரல் கொடுத்தாள்.

“லீவுன்னு சொல்லுங்க மாமா. உங்க பிள்ளைக்கு ஃபேக்டரியில குடுக்கறாங்களே, அது.”

என் மகளுக்கு அந்தப் பெயரிலேயே கொடுத்துவிடுவதாக முடிவாகிவிட்டது. பாக்கியத்துக்கும் லீவு சாங்ஷன் ஆகியிருக்கிறது... ஆயுள் முழுவதற்கும்.