முறை வைத்துப் போன செவ்வாய்க்கிழமைகள்

காலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். வாசலுக்கு வந்ததும் முதலில் கண்ணில் பட்டது சிவப்பு. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, இடுப்பு உயரத்தில், சேலையின் நீளவாக்கு இழைகளான பட்டுப் பாவு நீட்டிக் கட்டப்பட்டிருந்தது. தை மாதக் கடைசிப் பனியில் கழிகளும் தெரியவில்லை, அவற்றைப் பிடித்து நின்றவர்களும் தெரியவில்லை. அரக்குச் சிவப்பில் ஆயிரக்கணக்கான இழைகள் மட்டும் தாமாக மிதந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவே, கையில் கத்தரிக்கோலுடன், வள்ளி அத்தை நின்றிருந்தாள்.

தறியில் ஏற்றுவதற்கு முன் பாவைச் சிக்கெடுத்து இழுத்துக் கட்ட வேண்டும். அவ்வளவு நீளத்துக்கு எங்கள் பிள்ளையார்பாளையம் வீடுகளுக்குள் இடம் கிடையாது என்பதால் தெருவில்தான் அந்த வேலை நடக்கும். யார் வீட்டுப் பாவாக இருந்தாலும் வீட்டுக்கு ஒருவர் வந்து கை கொடுப்பார்கள். அதற்கு "பாவுக்கு ஆள்" என்று பெயர். பாவு நிற்கும்வரை சைக்கிள் வராது, பால்காரர் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவார், அதைத் தொடக்கூடாது என்பது நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும். அத்தை வெட்டினாள். நான்கு விரல் அகலத்துக்கு இழைகள் சத்தமில்லாமல் இரு பக்கமும் சுருண்டு விழுந்தன.

"ஓடிக்கினே இருக்குது. யாருமே நிறுத்த மாட்டேன்றீங்களே" என்றாள். அதில் கோபம் இல்லை. திறந்து கிடக்கும் குழாயை மூடச் சொல்பவளின் குரல் அது.

நான் அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அத்தை அப்பாவின் தங்கை, முப்பது வயது, கல்யாணம் ஆகாதவள். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகச் சேலைக்குள்ளேயே கோத்து நெய்கிற "கோர்வை" வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அப்பா தறியில் உட்கார்ந்து உடலை நெய்ய, அவர் வலப்பக்கம் உட்கார்ந்து, கரைக்கான நூலை ஓட்டும் நாடாவை எறிவது அத்தையின் வேலை. நான் தூங்குவதும் விழிப்பதும் அந்த இரண்டு நாடாக்களின் ஓசைக்கு நடுவில்தான். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் அவளுக்குத் தூக்கம் போயிற்று. பிறகு யாருமில்லாத பக்கம் திரும்பிப் பதில் சொல்லத் தொடங்கினாள். பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையில் அவளுக்குக் கேட்ட குரல்கள் அடங்கின. ஆனால் கை நடுங்கத் தொடங்கியது.

கத்தரிக்கோலை வாங்கியது எதிர்வீட்டு நாகம்மா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். சாயம் போடும் வீடு என்பதால் அவர் விரல்களில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். "குடும்மா, கையில பட்டுடப் போவுது" என்றார், அவ்வளவுதான். அத்தை கொடுத்துவிட்டாள்.

பாவுக்குச் சொந்தக்காரர் ஏகாம்பரம் பெரியப்பா. உறவில்லை, தெருவுக்கே பெரியப்பா. அறுந்த இழைகளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"இன்னாபா கன்னியப்பா, ஊட்ல கட்டி வெக்க மாட்டியா? எத்தினி வாட்டி சொல்றது, புத்தி பேதலிச்சவங்கள வுடற அந்தக் கோயில்ல கொண்டு போய் வுட்டுட்டு வான்னு. ஊர்ல வுடாததயா சொல்றேன்?"

அப்பா தலை நிமிரவில்லை. "வெள்ளிக்கெழம வுட்டுர்றேண்ணா" என்றார்.

"நான் போ மாட்டேன்" என்றாள் அத்தை. அதுவரை அவள் எதையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

நாகம்மா அப்பாவிடம் ஒன்றுதான் கேட்டார். "மாத்திர குடுக்கறியா?"

"பாதி குடுத்தேங்கா. பொங்கலுக்கு அப்புறம் அதுவும் இல்ல."

"ஏன்?"

"கை நடுங்குதுக்கா. கரை ஒக்கார மாட்டேங்குது. அவளே அழுவுறா, என்னிய தறில ஒக்கார வைண்ணான்னு."

"டாக்டராண்ட சொன்னியா?"

அப்பா விழித்தார். "அது தொழில் சமாச்சாரமாச்சே. டாக்டராண்ட எதுக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. தெருவில் இருந்த எல்லோருமே நெசவாளிகள்; எல்லோருக்கும் அந்தப் பதில் சரியாகத்தான் பட்டிருக்க வேண்டும். நோய் ஆஸ்பத்திரிக்கு உரியது, கை தறிக்கு உரியது. நாகம்மாதான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "என் தம்பியயும் அப்பிடித்தான் ஒரு கோயில்ல வுட்டுட்டு வந்தோம். அடுத்த ஆடிக்கு வேட்டி சட்ட எடுத்துக்கினு போனா, ஆளக் காணோம். கேட்டா, எந்தத் தம்பின்றாங்க."

அதற்குமுன் அவருக்கு ஒரு தம்பி இருந்தது எங்களுக்குத் தெரியாது.

"அப்ப என் பாவு?" என்றார் ஏகாம்பரம் பெரியப்பா, கொஞ்சம் இறங்கிய குரலில்.

"உன் பாவ நாங்க ஒக்காந்து பிணைச்சுக் குடுக்கறோம். கொஞ்சம் வாய மூடுபா."

பெண்கள் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். விரலில் சாம்பல் தொட்டு, அறுந்த இழையின் இரு முனைகளையும் சேர்த்து முறுக்குவார்கள். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. வெயில் ஏறியதும் ஆண்கள் வேட்டிகளைப் பிரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்கள். அந்த நிழலில் விரல்கள் மட்டும் அசைந்ததை, அன்று பள்ளிக்குப் போகாத நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை எங்கள் வாசலில் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். அப்பா அவளுக்கு வெயில் படாமல் பக்கத்திலேயே நின்றார். வெள்ளிக்கிழமை வந்தது, அவளை எங்கும் கொண்டுபோகவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு மனநோய் டாக்டர் வருவது செவ்வாய்க்கிழமைகளில். முதல் செவ்வாயன்று அப்பாவுடன் நாகம்மாவும் போனார். கை நடுக்கத்தைச் சொன்னதும் டாக்டர் இன்னொரு சின்ன மாத்திரை எழுதினாராம். "இத ஏன் மொதல்லயே சொல்லல?" என்று அவர் கேட்டதை அப்பா பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தார். மாத்திரைக்காக ஒவ்வொரு மாதமும் அத்தையோடு இரண்டு பேர் போனால் இரண்டு வீட்டு வேலை நிற்கும். எனவே பாவுக்கு ஆள் விடுவதுபோல இதற்கும் வீட்டுக்கு ஒரு முறை என்று ஆயிற்று. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. "இந்த மாசம் எங்க மொற" என்று மூன்றாவது வீட்டுப் பெண் ஒரு நாள் பையோடு வந்து நின்றாள், அதிலிருந்து அப்படியே நடந்தது. ஐப்பசியில் தீபாவளி வேலை நெருக்கியதால் ஏகாம்பரம் பெரியப்பாவே போனார். திரும்பி வந்து தெருவுக்கே கேட்கும்படி புலம்பினார்: "நான் அவளுக்குத் தொணயாப் போனேன்பா. அங்க ஒரு நர்ஸம்மா சும்மா ஒக்காந்துக்கினு இருந்த என் கையில பட்டையச் சுத்தி, பிபி இருக்குதுன்னு சீட்டு குடுத்துட்டா. உப்பு கூடாதாம்!" அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

எல்லாம் நேராகிவிடவில்லை. நடுக்கம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. கரை நாடாவை அம்மா எடுத்துக்கொண்டாள். அத்தை சில மாதங்கள் தறி இருந்த பக்கம் திரும்பாமலே சாப்பிட்டுப் போனாள். முறைக்கு ஆள் விடாத வீடுகளும் இருந்தன. பள்ளியில் எங்கள் வீட்டுக்கு "லூசு வீடு" என்று பெயர். தோழிகளோடு வரும்போது அத்தை எதிரில் வந்தால் நான் வேறு பக்கம் பார்த்திருக்கிறேன். அவள் அதைக் கவனித்தாள். ஒரு தடவையும் என்னைக் கூப்பிட்டதில்லை.

நாகம்மா இறந்து ஒன்பது வருடமாகிறது. அவர் வீடு இருந்த இடத்தில் இப்போது மாடி வீடு, வாடகைக்கு ஏனாத்தூர் கல்லூரி மாணவர்கள். தெரு முழுக்க வண்டிகள் நிற்கின்றன. "பாவுக்கு ஆள்" என்றால் என் மகளுக்குப் புரியாது. அத்தைக்கு வயது ஐம்பத்தாறு. போன செவ்வாய்க்கிழமை பக்கத்துத் தெருவிலிருந்து கல்லூரி முதல் வருடம் படிக்கும் பெண் ஒருத்தி மனநோய் டாக்டரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். வீட்டில் யாரும் உடன் போகவில்லை. அழைத்துப் போனது வள்ளி அத்தை.