சிவப்பு முளைக்கட்டை

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனைக் கடற்கரையோரம் அரசாங்க நிலத்தில் கிடுகு வேய்ந்து குடியிருந்தவர்கள் நாங்கள். அந்த வருடம் வயிற்றோட்டம் பரவி இரண்டு பிள்ளைகள் மௌத்தானார்கள். என் தம்பி மயிரிழையில் தப்பினான். நாங்கள் அங்கே இருப்பதே அதற்குப் பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. பொதுக்கிணற்றை மண் போட்டு மூடினார்கள். குழாய் வரும் என்றார்கள்.

குழாய் வேலையைக் கவனிக்கும் ஓவசியர் ஒருவர் வந்து ஆண்களைக் கூட்டி வைத்துக் கதைத்தார். வாப்பாவும் மற்றவர்களும் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். குழாய் வரும் இடமென்று, தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் ரோட்டோரத்தில் சிவப்புப் பூச்சடித்த முளைக்கட்டை ஒன்றை அறைந்துவிட்டுப் போனார்.

எங்கள் பெண்கள் ரோட்டால் நடப்பதில்லை. வேலிக்கு வேலி ஓர் ஆள் நுழையும் இடைவெளி விட்டிருந்தார்கள், போக்குவரத்தெல்லாம் அதற்குள்ளால்தான். எல்லா இடைவெளிகளும் கிணற்றடியில் வந்து முடிந்தன. கடை வாங்குப் பலகையில் ஆண்கள் குந்தியிருக்க, யார் குடத்தோடு போய் நிற்பது? இனி மணலில் குழி தோண்டி ஊற்றுத் தண்ணீர்தான், தம்பி இன்னொரு முறை தாங்கமாட்டான் என்று உம்மா புலம்பிக்கொண்டே இருந்தார்.

எனக்கு எட்டு வயது. ஆண்கள் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, கட்டையைப் பிடுங்கிக் கொண்டுவந்து கிணற்றடியில் குத்தினேன். யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவு கெட்டிக்காரி. உம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் ஓவசியருக்கு வந்ததே கோபம்! கட்டையில் கை வைத்தது யார் என்று கேட்டார். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது எங்கள் வாசல் சீலைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது.

“நான்தான். நீங்க ஆம்புளைகளிட்டக் கேட்டுட்டுப் போயிட்டீங்க. தண்ணி அள்ளுறது நாங்கதானே.”

வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஓவசியர் சீலைப் பக்கம் திரும்பினார். “சரி தங்கச்சி, எங்க வேணும் எண்டு நீங்களே சொல்லுங்க” என்றார்.

உள்ளே சத்தமே இல்லை. வாய் திறந்தால் மூடாத என் உம்மா! பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது என்று நினைத்து, கிணற்றடியில்தான் என்று நான் முந்திக்கொண்டு கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். குழாயும் அங்கேயே வந்தது.

குழாயைக் கொண்டுவந்தவள் நான்தான் என்று வருடக்கணக்காகப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். உம்மா ஒருநாளும் மறுக்கவில்லை. ‘எங்க வேணும், நீங்களே சொல்லுங்க’ என்று அப்படியொரு கேள்வியை அவரிடம் அதற்கு முன்னர் யாரும் கேட்டதில்லை, பிறகும் கேட்கவில்லை. அந்த ஒன்றுக்கும் நானே பதில் சொல்லிவிட்டேன் என்பது எனக்கு அப்போது தெரியாது.