அழித்த கோடுகள்

பஸ் டிப்போவில் எந்த வண்டி எப்போது கிளம்பும் என்று மைக்கில் சொல்லுகிறவள் என்பதால் அவளுக்கு ‘டைம் அக்கா’ என்று பெயர். ஐம்பத்திரண்டு வயதாகியும் காலில் சக்கரம்தான். சோற்றைக்கூட நின்றுகொண்டே சாப்பிடுவாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். மூன்று மாதத்துக்கு முன்னால் வேலை செய்த இடத்தில் லிஃப்ட் குழிக்குள் கால் வழுக்கி விழுந்து, முழங்காலில் ஆபரேஷன். கட்டிலில் பொழுது போகாமல் மகளின் பழைய டேப்லெட்டை எடுத்து, அதிலிருந்த ஓவியச் செயலியில் கிறுக்க ஆரம்பித்தார். ஸ்பேனர் பிடித்தே பழகிய கை. தலையணையை வரைந்தார், ஜன்னல் கம்பியை வரைந்தார், ஒருநாள் மனைவியையும் வரைந்து குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்.

“அம்மா, பத்து வயசு குறைஞ்சுட்டியே!” என்று எழுதினாள் மகள். டைம் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. டிப்போ டிரைவர்கள் ஒருத்தர் விடாமல் எல்லாரிடமும் காட்டினாள்.

மறுநாள் அவர் காலுக்குப் பயிற்சி எடுக்கப் போயிருந்தபோது, படத்தைப் பெரிதாகப் பார்க்கலாமென்று டேப்லெட்டைத் திறந்தாள். விரல் எதன்மேலோ பட்டது. படம் மறைந்து, வெள்ளைத் திரையில் கோடுகள் தானாக முளைக்கத் தொடங்கின. வரைந்தவர் இழுத்த ஒவ்வொரு கோட்டையும் அந்தச் செயலி சேர்த்து வைத்திருந்தது.

முதலில் நெற்றியில் இரண்டு மடிப்பு. கண்ணுக்குக் கீழே கருவளையம். இறுக்கி மூடிய உதடு. அச்சு அசல் அவளேதான். அப்புறம் ஒவ்வொன்றாக அழிந்தது. மடிப்பு போனது, நரை கறுத்தது, உதடு சிரித்தது. கடைசியில் யாரோ ஒருத்தி நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

பதினொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். அடுத்த நாள் மைக்கில் வண்டி எண்ணை மாற்றிச் சொன்னதில், நாற்பது பேர் தப்பான பஸ்ஸில் ஏறினார்கள். மூன்று நாள் நெற்றியைத் தடவித் தடவியே போனது. நாலாம் நாள் அடக்க முடியவில்லை.

“என்னங்க, என் நெத்தியில கோடு இருக்கா இல்லையா?”

“எதுக்குக் கேக்குற?”

“இருக்கா இல்லையா?”

“இருக்கு.”

“அப்ப ஏன் அழிச்சீங்க?”

அவள் நீட்டிய டேப்லெட்டில் எல்லாம் ஓடியது. மனுஷன் கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல விழித்தார்.

“முதல்ல வந்ததுதான் நீ. ஆனா அந்த மூஞ்சி எங்கிட்ட ஏதோ கேக்க வர்ற மாதிரியே இருந்துச்சு. பாத்துக்கிட்டு உக்கார முடியல. அதான் சிரிக்க வெச்சுட்டேன்.”

“கேக்கத்தாங்க வந்தேன். மூணு மாசமா தொண்டைலயே நிக்குது. கால் சரியானதும் மறுபடியும் அந்தக் குழிக்குள்ளதான் இறங்கப் போறீங்களா?”

அவள் அடுப்படிக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். மூன்றாம் முறை திரும்பி வந்தபோது அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“ஆமா சார், ஆபீஸ்லயே... புகார் வந்தா போன்ல எடுத்துக்கற வேலை இருந்தா...”

“பார்க்கலாம்” என்றாராம் மேனேஜர்.

ஒன்பது நாளாகிறது. போன் அடித்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாய்கிறார்கள். பெரும்பாலும் மகள்தான். “ஏன் ரெண்டு பேரும் இப்படி மூச்சு வாங்குறீங்க?” என்று கேட்கிறாள்.