இடுப்பில் ஒன்றுக்குத்தான் இடம்

சுடிதாருக்கு நாடா. நாடாவில் துப்பாக்கியைச் செருகினால் துப்பாக்கி நிற்காது, பேண்ட்தான் கீழே வரும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. டெக்ஸாஸில் எனக்குத் துப்பாக்கி வகுப்பெடுத்த வெள்ளைக்காரருக்கு நாடா என்றால் என்னவென்றே தெரியாது. கெட்டியான பெல்ட் போடு, ஒரு சைஸ் பெரிய சட்டை போடு, இடுப்பில் இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது என்றார், அவ்வளவுதான். மிச்சத்தை நானே கண்ணாடி முன்னால் நின்று கற்றுக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் இறந்தபிறகு நான் தனிக்கட்டை. மருந்துக்கடையில் வேலை. குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வரும்போது, பார்க்கிங் லாட்டில் எவனோ என் பின்னாலேயே வந்தான். நான் காருக்குள் ஏறிப் பூட்டிக்கொண்டும் விடவில்லை, கண்ணாடியைத் தட்டோ தட்டென்று தட்டினான். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீடு வந்து சேரும்வரை பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்தே ஓட்டினேன். கலிஃபோர்னியாவில், சன்னிவேலில் இருக்கும் மகனிடம் போனில் சொன்னேன். "அம்மா, ஜஸ்ட் மூவ் ஹியர்" என்றான். அவன் வீட்டில் எனக்கென்று ஓர் அறை உண்டு, அதில் ட்ரெட்மில் நிற்கிறது. நான் போகவில்லை. துப்பாக்கி வாங்கினேன். அவனிடம் மூச்சு விடவில்லை.

அதற்குப் பிறகு என் அலமாரியே மாறிப்போயிற்று. சேலைக்கு வழியே இல்லை. ஜீன்ஸ், ஆண்கள் பெல்ட், வலது இடுப்பில் உறை, மேலே தொளதொளவென்று ஒரு குர்தா. வெறும் கலராக இருந்தால் புடைப்பு தெரியும், பூப்போட்டதென்றால் கண் ஏமாந்துவிடும். குர்தாவுக்குப் பக்கவாட்டில் வெட்டு இருக்கிறதே, டெக்ஸாஸ் காற்றுக்கு அது படபடவென்று பறந்து ஊரைக் கூட்டிக் காட்டிக்கொடுக்கும். எல்லாக் குர்தாவையும் எடுத்துவைத்து வெட்டுகளைத் தைத்து மூடினேன். கீழே எதையாவது எடுக்க வேண்டுமென்றால் குனியக்கூடாது, முதுகை வளைக்காமல் உட்கார்ந்து எழ வேண்டும். கோயிலுக்குத் துப்பாக்கியோடு போக மனசு ஒப்பவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கோயிலே நின்றுபோயிற்று. யாராவது கட்டிப்பிடிக்க வந்தால் முந்திக்கொண்டு கும்பிடு போட்டேன். "என்ன ஆன்ட்டி, திடீர்னு ரொம்ப ட்ரெடிஷனல் ஆயிட்டீங்க?" என்று கடையில் ஒரு பெண் கேலி செய்தாள். ஆமாம் போ, பெரிய ட்ரெடிஷன்!

எங்கள் அப்பார்ட்மென்டின் கீழ்வீட்டில் ஒரு கோயம்புத்தூர்க் குடும்பம். அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு வாண்டு. தமிழில் என்ன கேட்டாலும் இங்கிலீஷில்தான் பதில் சொல்லும். ஒரே ஒரு வார்த்தை மட்டும் தமிழ்: "தூக்கு." நான் வேலை முடிந்து காரை நிறுத்தும்போது மாடிப்படி அருகே பந்தோடு நிற்பாள். கதவைத் திறப்பதற்குள் ஓடிவந்து இரண்டு கையையும் தூக்குவாள். இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி வரை நடப்பேன். நாள் முழுக்க என்னைத் தொடுகிற ஒரே ஜீவன் அவள்தான்.

துப்பாக்கியோடு வந்த முதல் வாரம், யோசிக்காமல் தூக்கிவிட்டேன். இடது இடுப்பில்தான் உட்கார்ந்தாள், ஆனால் குழந்தையின் கால் சும்மா இருக்குமா? முதுகைச் சுற்றி வந்த குதிகால் நேராக உறையில் போய் இடித்தது.

"வாட் இஸ் தட், ஆன்ட்டி?"

"அது போனுடா கண்ணு."

"நோ. இட்ஸ் ஹார்ட்."

பொசுக்கென்று இறக்கிவிட்டேன். மறுநாள் அவள் கை தூக்கியபோது, "ஆன்ட்டிக்குக் கை வலிக்குதுடா தங்கம்" என்றேன். அதற்கு மறுநாளும் அதே வலி. துப்பாக்கியைக் காரிலேயே வைத்துவிட்டு இறங்கலாமே என்றால், காருக்கும் வீட்டுக்கும் நடுவில்தானே எனக்குப் பயம்?

அவள் அம்மா நல்ல பெண். தைலப் பாட்டிலோடு மாடியேறி வந்தாள். "ஏனுங்க ஆன்ட்டி, கை இன்னும் வலிக்குதுங்களா? ஃபிசியோகிட்ட ஒருக்கா காமிச்சிருங்களே." உண்மையைச் சொல்லிவிடலாமென்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் குழந்தையை என் பக்கமே அண்டவிட மாட்டாள். நானாக இருந்தாலும் விடமாட்டேன். தைலத்தை வாங்கி, வலிக்காத கையில் தேய்த்துக்கொண்டேன்.

அப்புறம் வாண்டு கை தூக்குவதை நிறுத்திவிட்டாள். காரைப் பார்த்ததும் ஓடி வருவாள், கொஞ்சம் தள்ளியே நின்று, "ஹாய் ஆன்ட்டி!" அவள் அப்படித் தள்ளி நிற்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன சனிக்கிழமை துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். ஒரு பழைய குர்தாவை எடுத்து வெட்டில் போட்ட தையலைப் பிரித்து, நாடா பேண்ட்டோடு போட்டுக்கொண்டு பட்டப்பகலில் கீழே இறங்கினேன். இடுப்பு லேசாக இருந்தது. படியடியில் தாயும் மகளும் நின்றிருந்தார்கள். நான் நன்றாகக் குனிந்து இரண்டு கையையும் நீட்டினேன். "வாடா, தூக்கட்டுமா?"

குழந்தை என் கையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நோ, ஆன்ட்டி. யூ வில் கெட் ஹர்ட்."

"இல்லடா, எனக்கு எல்லாம் சரியாயிடுச்சு."

"வேண்டாங்க ஆன்ட்டி" என்றாள் அவள் அம்மா பெருமையாக. "ஆன்ட்டியத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு சொல்லிச் சொல்லிப் பழக்கிட்டனுங்க. இப்பெல்லாம் கேக்கறதே இல்ல, பாருங்க."

குழந்தை பந்தை எடுத்துக்கொண்டு புல்தரைக்கு ஓடிவிட்டாள். நான் அங்கேயே நின்றேன். இடது இடுப்பைச் சாய்த்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பது, அவள் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.