ட்ரோன் லைசன் எடுக்கப் போன பாடு

ட்ரோன் ஓட்டுவது விரல் நுனி வேலைதான், ஆனால் அதற்கு லைசன் எடுக்கப் போனால் உடம்பு முழுக்க வேர்க்கும். என்னைப்போல முதலில் பறக்கவிட்டுப் பழகி, பிறகு புத்தகத்தைத் திறந்தவர்களுக்கு இது விளங்கும். கல்லடியில் ராசன் அண்ணனின் ஸ்டூடியோவில் கலியாண வீடியோ எடுக்கிறேன். "ஆவணிக்குள்ள லைசன் வரோணும். இல்லாட்டி ட்ரோனை வேற ஆளிட்டக் குடுத்திருவன்" என்று சொல்லிவிட்டார்.

முதல் அத்தியாயம்

சோதனைக்கு என்னோடு கூடப் படித்தவன் காத்தான்குடி றிஸ்வி. அவன் வாசிக்க நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆட்கள் கூடியிருக்கிற இடத்துக்கு மேலே பறக்கக் கூடாது. கண்ணுக்கு மறையவிடக் கூடாது. போன மாதக் கலியாணமொன்றில் பந்திக்கு மேலே தாழப் பதித்து ஓட்டி, தென்னைகளுக்குப் பின்னால் மறையவிட்டு, வாவியைச் சுற்றிக் கொண்டுவந்து மாப்பிள்ளையின் தலைக்கு மேலே நிறுத்தியவன் நான். அன்றைக்கு எல்லாரும் கைதட்டினார்கள்.

றிஸ்வி புத்தகத்தை மூடினான். "மச்சான், நீ சோதனை எழுதப் போகாத. நேர பொலிசுக்குப் போய் வாக்குமூலம் எழுதிக் குடு."

பருந்து

வாவிக்கரையில் ஆளில்லாத வெளியொன்றில் பயிற்சி. எங்கிருந்தோ ஒரு பருந்து ட்ரோனைத் துரத்தத் தொடங்கியது. பறவை வந்தால் நேரே மேலே ஏறு என்று படிப்பித்திருந்தார்கள். ஏறினேன். சட்டம் விட்ட உயரம் முடிந்து ரிமோட் கத்தியது. பருந்து விடவில்லை. மேலே போனால் குற்றம், நின்றால் கொத்து. கொத்தி விசிறியில் ஒரு துண்டை உடைத்த பிறகுதான் பருந்து போனது. ட்ரோன் தள்ளாடித் தள்ளாடி இறங்கியது.

தோணியில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மனே, இதுக்கு மேல வரப்படாதெண்டு நீ பருந்துக்கும் சொல்லியிருக்கோணும்."

சோதனை நாள்

எழுத்துச் சோதனை பாஸ். பறக்கவிடும் சோதனைக்கு, பறக்கமுன் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துப் பட்டியலில் சரி போட்டேன். தலை உயரத்தில் அசையாமல் நிறுத்தச் சொன்னார் பரிசோதகர். நிறுத்தினேன். அது நிற்காமல் ஏறியது. கீழே இழுத்தால் கொஞ்சம் இறங்கி, திடுக்கிட்டதுபோல மறுபடி ஏறியது. பற்றரி இறங்கத்தான் அதுவும் இறங்கியது.

ட்ரோனின் வயிற்றுப் பக்கம், தரை எவ்வளவு தூரமென்று பார்க்கிற கண் ஒன்று உண்டு. தூக்கிப் பார்த்தால், அதற்கு நேர் கீழே நூலில் கோத்த தேசிக்காயும் பச்சை மிளகாயும் ஆடிக்கொண்டிருந்தன. தேசிக்காயைத் தரையென்று நினைத்து ட்ரோன் பயந்து ஏறியிருக்கிறது. காலையில் ராசன் அண்ணன் நாவூறு படாமல் இருக்கக் கட்டிவிட்டது. நான் காணவில்லையா என்றால், கண்டேன். எங்கள் ஊரில் ஓட்டோவிலிருந்து உழவு மெசின் வரை அது தொங்கும். என் கண்ணுக்கு அது ஒரு சாமானாகவே படவில்லை.

பரிசோதகர் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதை எந்த வரியில சரி போட்டீங்க?"

ஸ்டூடியோவில்

ஃபெயில் என்று சொன்னதும் ராசன் அண்ணன் மேசைப் பக்கம் திரும்பினார். அதில் வேறொரு ட்ரோன்காரனின் விசிட்டிங் கார்ட் கிடந்தது. இரண்டு வருட வேலை போச்சு என்றே நினைத்தேன். அவர் கார்டை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார்.

"கட்டினது நான். மறுகா ஒருக்காப் போய்ச் செய். அதுவரைக்கும் நிலத்தில நிண்டு எடுப்பம். ஆனா ஒண்டு கா, தேசிக்காய் கட்டினபடியாத்தான் அது விழாம மேல போச்சு."

அடுத்த சோதனைக்கு நான் எழுதி வைத்திருக்கும் பட்டியலில், பற்றரிக்கும் விசிறிக்கும் மேலே, காலையில் முதலாளி எங்கே நின்றார் என்பதுதான் முதல் வரி.