நெல்டாவுக்குக் குளிர வேண்டும்

ஆர்வல் டிட்மோர் அதிகம் பேசமாட்டார். மழை வருமா என்று கேட்டால் வானத்தைப் பார்த்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "பாக்கலாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அந்த மனிதர் ஆகஸ்ட் வெயிலில் என் பட்டறைக்குள் வந்து கடகடவென்று பேச ஆரம்பித்ததும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டேன்.

"ரோசௌரா, இந்த ஏசியை ஏதாவது பண்ணும்மா. நெல்டா இனிமே ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டா."

நெல்டா அவர் மனைவி. வயிற்றில் கட்டி. செவ்வாய்க்கிழமைதோறும் லப்பக் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். போகும்போது காலை வேளை, பரவாயில்லை. திரும்பும்போதுதான் பாடு. மத்தியானம் முழுக்க வெயிலில் நின்ற பிக்கப் வண்டி அடுப்பாகக் கொதிக்கும். ஏசி போட்டாலும் சிக்னலுக்குச் சிக்னல் அனல்தான் வரும். ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறி வேகம் பிடித்த பிறகுதான் கொஞ்சம் குளிரும். அதற்குள் நெல்டாவுக்குக் குடலைப் புரட்டிக்கொண்டு வந்துவிடும். போன செவ்வாய்க்கிழமை சிக்னலில் கதவைத் திறந்து, பத்து வண்டிக்காரர்கள் பார்க்க வாந்தி எடுத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாளாம், "போதும் ஆர்வல், என்னால முடியாது."

"என் காரை எடுத்துட்டுப் போங்களேன்," என்றேன்.

"அதையும் சொல்லிப் பாத்துட்டேன். அடுத்தவங்க காருல வாந்தி எடுக்கற அளவுக்கு நான் இன்னும் இறங்கிடலங்கறா."

அது நெல்டாவேதான். நாற்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்தவள். அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். மருந்தை இப்போது நிறுத்தினால் கட்டி மறுபடி வளரும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். அது ஆர்வலுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் அந்த வண்டி குளிர்ந்தாக வேண்டும்.

ஆர்வலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் சொந்தமாகப் பருத்தி போட்டவர். முதுகு ஒத்துழைக்காமல் போனதும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கொஞ்சம் மாடுகளை மட்டும் வைத்துக்கொண்டார். ஜின்னிங் மில்லில் மிஞ்சும் பருத்திச் சக்கையைப் பிக்கப்பில் அள்ளிவந்து மாடுகளுக்குப் போடுவார். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் மாடு வளர்ப்பது அந்தச் சக்கையை வைத்துத்தான். ஆனால் சக்கை ஏற்றுகிற மற்றவர்கள் வண்டி எல்லாம் பஞ்சும் புழுதியுமாகத் தாடி வளர்த்த மாதிரி இருக்கும். ஆர்வல் வண்டி மட்டும் பளபளவென்று இருக்கும். கோயிலுக்கும் சாவுக்கும் டாக்டரிடமும் அழுக்கு வண்டியில் போவது மரியாதை இல்லை என்பது அவர் கொள்கை. அவரைத் தவறாமல் பார்க்கக்கூடிய இடம், பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில் காசு போட்டால் தண்ணீர் பீய்ச்சும் கொட்டகைதான்.

வண்டியின் முன் மூடியைத் திறந்து, ஏசி கேஸின் அழுத்தம் காட்டும் மீட்டரை மாட்டினேன். முள் எங்கேயோ ஏறிப் போய் நின்றது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஐயா, உள்ள எவ்வளவு கேஸ் அடைச்சீங்க?"

தொப்பியைக் கழற்றினார். "கடையில டப்பா விக்கறாங்கல்ல, அதுதான். குளிரல, ஒண்ணு போட்டேன். அப்பவும் குளிரல..."

"அதனால இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. சாப்பாடு செரிக்கலன்னா மேல மேல சாப்பிடுவீங்களா நீங்க?"

"நான் சாப்பிடுவேன்," என்றார் பாவமாக.

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். இந்த ஊர் ஆம்பளைகளுக்கு ஏசி என்றால் ஒரே வைத்தியம்தான், இன்னொரு டப்பா. கேஸ் அதிகமானாலும் குளிராது என்று தொண்டை வறளச் சொல்லியும் ஒருத்தன் காதிலும் ஏறவில்லை. உள்ளே இருந்த கேஸ் முழுவதையும் மெஷினில் உறிஞ்சி எடுத்தேன். கசிவு இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. சரியான அளவை எடைபோட்டு ஏற்றினேன்.

முன்னைக்குப் பரவாயில்லை. ஆனாலும் நிற்கிற வண்டியில் வெதுவெதுப்பாகத்தான் காற்று வந்தது. அப்படியானால் டப்பா பண்ணின கோளாறு வேறு, பழைய கோளாறு வேறு. ஆர்வல் ஓரத்தில் டயர் மேல் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்து பழகிப்போன பார்வை அது. அதைப் பார்த்த பிறகு எனக்குக் கோபப்பட மனசு வரவில்லை.

கம்ப்ரசர் ஒழுங்காகச் சுற்றியது. ரேடியேட்டர் ஃபேன் ஓடியது. உள்ளே காற்றும் பலமாகத்தான் அடித்தது. ஓடினால் குளிருகிறது, நின்றால் குளிரவில்லை. வண்டியின் மூக்குக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால், ஏசியின் சூட்டை வெளியே தள்ளுகிற கண்டன்சர் என்ற வலை இருக்கிறது. அங்கேதான் எனக்குச் சந்தேகம். டார்ச் அடித்துப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது, ஒரு பூச்சிகூட இல்லை. ஆனால் அதன் தகடுகள் அங்கங்கே மடங்கியிருந்தன.

ஹோஸ் பைப்பை எடுத்து அந்த வலைமேல் மெதுவாகத் தண்ணீர் விட்டேன். "ஐயா, உள்ள ஏறிக் கையை வச்சுப் பாருங்க."

ஏறி உட்கார்ந்து காற்று வரும் இடத்தில் கையை நீட்டினார். பிறகு, "ரோசௌரா, ஜில்லுன்னு வருது," என்றார்.

தண்ணீரை நிறுத்தினேன். சற்று நேரத்தில் மறுபடி வெதுவெதுப்பு. அப்படியானால் சூடு வெளியே போக வழியில்லை. முன்பக்கம் சுத்தமாக இருந்தால் அடைப்பு பின்பக்கம்தான். எஞ்சினை ஆறவிட்டு, மேலே இருந்த பட்டிகளைக் கழற்றி, ரேடியேட்டரைப் பின்னால் சாய்த்தேன். கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே விரலை விட்டு இழுத்தேன். வந்தது. வந்துகொண்டே இருந்தது. சாம்பல் நிறத்தில், ஈரமாக, கம்பளி மாதிரி கெட்டித்துப்போன பஞ்சு.

"இது எப்படி உள்ள போச்சு?" என்று கேட்டார் ஆர்வல்.

எனக்குத் தெரிந்துவிட்டது. என் வாய்தான் சும்மா இருக்காதே. "சக்கை ஏத்தும்போது முன்னால ஒட்டுற பஞ்சைத் தண்ணி பீய்ச்சி பீய்ச்சி நீங்கதான் உள்ள தள்ளியிருக்கீங்க. மத்தவன் வண்டியில அது முன்னாலேயே இருக்கும், கையால பிச்சிப் போட்டுடலாம். இப்போ கொஞ்ச நாளா நிறையக் கழுவினீங்களா?"

அவர் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றார்.

"திங்கக்கிழமை திங்கக்கிழமை கழுவுவேன்," என்றார் கடைசியில். "மறுநாள் அவ ஏறணும்ல."

அதைக் கேட்டதும், நான் சொல்லியிருக்கவே வேண்டாம் என்று தோன்றியது. அந்தப் பஞ்சைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் சின்னதாகிக்கொண்டே போனது. மீதியைப் பிடுங்கி எறிந்து, பின்பக்கமிருந்து மெல்லத் தண்ணீர் விட்டு, மடங்கிய தகடுகளைச் சீப்பால் நிமிர்த்திக் கொடுத்தேன். அவர் டார்ச் பிடித்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. உச்சி வெயிலில் நானும் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வேண்டுமென்றே காலையிலிருந்து வண்டியை வெட்டவெளியில் நிறுத்தியிருந்தார். நெல்டா தலையில் துணி கட்டிக்கொண்டு, தோளில் போர்வையோடு வாசல்படியில் நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள். குரல் மட்டும் இளைக்கவில்லை.

"இங்க பாரு ரோசௌரா, நின்ன இடத்துல குளிரணும். ஓடினாக் குளிரும் அது இதுன்னு கதை சொல்லக்கூடாது."

"ஏறி உக்காருங்கம்மா."

ஆர்வல் ஜன்னல்களை இறக்கிச் சூட்டை வெளியே விட்டு, பிறகு ஏற்றினார். எஞ்சின் ஓடியது. வண்டி அசையவில்லை. நெல்டா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். ஆர்வல் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். நான் பின் சீட்டில் எனக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்களையும் வேண்டிக்கொண்டேன்.

நெல்டா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"குளிருது," என்றாள்.

ஆர்வல் சட்டென்று கையை நீட்டி ஏசியைக் குறைக்கப் போனார். அந்தக் கையில் ஓர் அடி விழுந்தது. "யாரு குறைக்கச் சொன்னா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. "என்னாலதான் நெல்டா. நான் கழுவிக் கழுவித்தான் இப்படி ஆச்சு. இனிமே இந்த வண்டியைக் கழுவவே மாட்டேன்."

அவள் தான் அடித்த அந்தக் கையையே எடுத்துத் தன் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். வெளியே பார்த்தாள். வண்டி மேலெல்லாம் ஒரு வாரத்துப் புழுதி.

"முன்பக்கத்தை மட்டும் விட்டுட்டு மீதியைக் கழுவு ஆர்வல். அழுக்கு வண்டியில நாளைக்கு நான் வரமாட்டேன்."

அவர் இறங்கி வாளியைத் தேடிக்கொண்டு போனார்.